கட்டிலில் இருந்து படலை வரை: சக்கர நாற்காலிக்கு வீட்டையும் வளவையும் ஆயத்தம் செய்தல்

சக்கர நாற்காலி பாவிக்கும் ஒருவர் இருக்கிற, இலங்கையின் வடக்கே உள்ள வன்னி வீடுகளில் அநேகமாக முதலில் கட்டப்படுவது முன்வாசல் சாய்தளம். மலசலகூடம் பழையபடி வளவின் பின்மூலையில், இரண்டு படி ஏறிப்போகிற மாதிரியே இருக்கும். அந்த மனிதர் றோட்டுக்குப் போகலாம், மலசலகூடத்துக்குப் போக இன்னொருவர் தூக்கவேண்டும். ஆள் இல்லாத நேரம் அடிக்கடி போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் பழக்கம் சிறுநீர்த் தொற்றிலும் சிறுநீரகப் பாதிப்பிலும் போய் முடியும். ஆகவே இந்த வழிகாட்டியின் ஒழுங்கு வேறு: முதலில் அளவு, பிறகு மலசலகூடம், கதவுகள், அதற்குப் பிறகுதான் சாய்தளமும் பாதையும். காசு பாதியில் முடிந்தாலும் முடிந்த வேலை பயன்படவேண்டும்.

2009 இல் போர் முடிந்தபின் மீளக்குடியேறியவர்களுக்குக் கட்டப்பட்ட வீடுகளை மனதில் வைத்தே அளவுகளைத் தருகிறோம். இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் சுமார் 550 சதுர அடி. மாரி வெள்ளத்துக்காக அத்திவாரம் நிலத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தப்பட்டிருக்கும். வெள்ளத்துக்கு நல்ல அந்த உயரம்தான் சில்லுக்குத் தடை.

அளவு எடுத்தல்

மேசனைக் கூப்பிட முதல், நாற்காலியில் இருப்பவரோடு உட்கார்ந்து ரேப்பால் அளந்து எழுதுங்கள். அவர் இல்லாமல் எடுத்த அளவில் கட்டிய மலசலகூடங்கள் பல இன்று விறகு வைக்கப் பயன்படுகின்றன.

நாற்காலியின் அகலம், கையால் தள்ளும் வளையத்தின் வெளி விளிம்பு வரை. பெரும்பாலும் 24 முதல் 27 அங்குலம் வரும். இரண்டு பக்கமும் விரல் முட்டிக்கு 2 அங்குலம் வேண்டும். அதனால்தான் கதவுக்கு 32 அங்குலம் தெளிந்த வழி என்கிறோம். அடுத்து நீளம், கால்மிதி உட்பட: 42 முதல் 48 அங்குலம். இருக்கையின் உயரத்தை மெத்தை போட்டு, அவர் ஏறி இருந்த பிறகு அளக்கவேண்டும், ஏனென்றால் மெத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் அமுங்கும். முழங்காலின் மேல்மட்டம், கை நீட்டினால் எட்டும் உயரமும் தாழ்வும், எந்தக் கை பலமானது, கட்டிலுக்கு மாறும்போது எந்தப் பக்கமாக மாறுகிறார் என்பதையும் எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் மலசலகூடத்தில் கொமேட் எந்தச் சுவரோரம் வரவேண்டும் என்று தீர்மானிப்பவை.

திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பார்க்க, கூட்டிய மணல் முற்றத்தில் அவரை ஒரு முழு வட்டம் திரும்பச் சொல்லுங்கள். சில்லின் தடத்தை அளந்தால் சரி. சாதாரண நாற்காலிக்கு 5 அடி விட்டம் வரும். கையால் மிதிக்கும் மூன்றுசில்லு வண்டிக்கு அது போதாது. அந்த வண்டியை வெளியே நிறுத்தி மாறி ஏற, நிழலோடு ஓர் இடம் தனியாக வேண்டும்.

மலசலகூடம்

உள்ளளவு குறைந்தது 5 அடிக்கு 7 அடி. கொமேட்டை 5 அடிச் சுவரோடு பின்பக்கம் வைத்து, அதன் நடு பக்கச்சுவரிலிருந்து 18 அங்குலத்தில் வரும்படி பொருத்தினால், மறுபக்கத்தில் ஏறத்தாழ 3 அடி மிஞ்சும். நாற்காலியைக் கொமேட்டுக்குப் பக்கத்தில் சமாந்தரமாக விட்டு மாறுவது அந்த இடத்தில்தான். வாளி, தும்புத்தடி, வேறு எந்தச் சாமானும் அங்கே வரக்கூடாது.

கொமேட்டின் இருக்கை மட்டம் நாற்காலியின் இருக்கை மட்டத்தோடு ஒத்திருக்கவேண்டும். கடையில் வாங்குகிற கொமேட் 15, 16 அங்குலம்தான் இருக்கும். நாற்காலி 18, 19. கீழே இறங்குவது இலேசு, திரும்ப ஏறுவதில்தான் தோள்மூட்டு தேயும். கொமேட்டின் அடியளவுக்கே ஒரு 3 அங்குலக் கொங்கிறீற்றுப் பீடம் போட்டு அதன்மேல் பொருத்துங்கள். பீடம் அகன்றால் நாற்காலியின் கால்மிதி இடித்து, கிட்ட வர விடாது.

பிடிகம்பிக்கு 1 அங்குல ஜீ.ஐ. பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) நல்லது. அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 1⅓ அங்குலம், உள்ளங்கைக்குச் சரியாக அடங்கும். பக்கச்சுவரில் தரையிலிருந்து 33 அங்குல உயரத்தில், கிடையாக, 3 அடிக்குக் குறையாத நீளத்தில் பொருத்தவேண்டும். கம்பிக்கும் சுவருக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். கூடினால் கை வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டும். மாறி ஏறும் பக்கத்தில் நிலையான கம்பி வைக்காமல், மேலே மடக்கி நிறுத்தக்கூடிய கம்பியை ஒட்டுவேலைக்காரரிடம் செய்விக்கலாம்.

கம்பி பிடுங்கிக்கொண்டு வருவதே இங்கே அதிகம் நடக்கிற விபத்து. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பொள்ளல் புளொக் கல்லில் பிளாஸ்ரிக் ஆப்பு அடித்து ஆணி முடுக்கியிருப்பார்கள். ஆளின் முழுப்பாரமும் ஒரு நொடியில் அந்த ஆணியில் விழும். சுவர் கட்டும்போதே கம்பி வரும் வரியில் கல்லின் பொள்ளலைக் கொங்கிறீற்றால் நிரப்புங்கள். பழைய சுவர் என்றால் ஊடாகத் துளைத்து, மறுபக்கம் 4 அங்குல இரும்புத் தகடு வைத்து, 12 மில்லிமீற்றர் போல்ட் போட்டு முடுக்குங்கள். பாவிக்கக் கொடுக்க முதல், பாரமான இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பார்க்கவேண்டும்.

தண்ணீர்க்குழாய் பலமான கைப்பக்கம், இருந்தபடியே எட்டும் இடத்தில். திருகும் குழாயைவிட நெம்பிப் பிடித்துத் திறக்கிறது நல்லது, விரலில் பலமில்லாதவரும் முழங்கையால் தட்டித் திறப்பார். கறுப்புப் பைப் வெயிலில் கிடந்தால் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. பைப்பை மண்ணுக்குள் ஓர் அடி தாழ்த்துங்கள், முதல் வாளியை எப்போதும் கையில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே காரணத்துக்காக வெறும் கொமேட் இருக்கையும் கவனம்: கடினமான இருக்கையில் நெடுநேரம் இருந்தால் படுக்கைப்புண் வரும். மெத்தை வைத்த இருக்கை போடலாம். முடியாவிட்டால் 10, 15 நிமிடத்துக்கு மேல் இருக்கவேண்டாம்.

தரைக்கு மினுக்கிய சீமெந்து வேண்டாம், மினுங்கும் மாபிள் ஓடும் வேண்டாம். சொரசொரப்பான ஓடு, அல்லது தும்புத்தடியால் இழுத்த சீமெந்து. தண்ணீர் ஓட 4 அடிக்கு ஓர் அங்குலச் சரிவு போதும், அதுவும் மாறி ஏறும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாக. கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரின் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

எங்கே கட்டுவது? முடிந்தால் படுக்கையறையின் பின்சுவரோடு ஒட்டி. குழியை வீட்டோடு கொண்டுவரத் தேவையில்லை. பழைய குழியையே வைத்துக்கொண்டு 4 அங்குலப் பைப்பை 40 அடிக்கு 1 அடி சரிவில் இழுக்கலாம். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதிதாகக் கட்ட வழியில்லையா? இருக்கிற குந்து பலகைக்கு மேலே, நடுவில் துளை உள்ள நாலுகால் இரும்புக் கதிரை ஒன்றை நாற்காலியின் உயரத்துக்குச் செய்து நிறுத்துங்கள். கால்களுக்கு றப்பர் மூடி போடவேண்டும். அறை சிறிதென்றால் கதவை எடுத்துவிட்டுத் திரைச்சீலை. இது ஒரு மாரிக்கான ஏற்பாடு, காலத்துக்கும் இப்படியே விடவேண்டாம்.

கதவுகள்

நிலையின் அகலத்தை அளக்கவேண்டாம். கதவை 90 பாகை திறந்து, கதவின் முகத்திலிருந்து எதிர்நிலை வரை அளவுங்கள். 3 அடி நிலை 32, 33 அங்குலம் தரும். இரண்டரை அடி நிலை தராது. இரண்டொரு அங்குலம்தான் குறைவென்றால் கதவைக் கழற்றித் திரை போட்டாலே தீரும். அதற்கு மேல் குறைந்தால் நிலையை மாற்றவேண்டியதுதான்.

கீழ்நிலைப்படியை வெட்ட வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்காமல் இருக்கலாம். வாசற்படி என்றால் பொட்டு வைத்துக் கும்பிடுகிற இடம். அதை மதித்தே வேலை செய்யலாம்: படியைத் தொடாமல் இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சீமெந்துச் சரிவு கட்டுங்கள். படி ஓர் அங்குலம் உயர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி நீளம்.

சாய்தளம்

விதி எளிது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், அதற்குக் குறையக்கூடாது. தானே தள்ளி ஏறுபவருக்கு ஒன்றேகால் அடி கொடுத்தால் நல்லது. 18 அங்குல வாசலுக்கு 18 அடி. இடம் இல்லை என்று 8 அடியில் கட்டினால், ஏறும்போது நாற்காலி பின்பக்கம் மல்லாந்துவிடும், இறங்கும்போது பிறேக் இருந்தும் நிற்காது. முன்னுக்கு இடமில்லாவிட்டால் வீட்டுச் சுவரோடு பக்கவாட்டாக ஓட்டுங்கள், அல்லது ‘ட’ வடிவில் திருப்புங்கள். திருப்பத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் கட்டாயம். ஏற்றம் 30 அங்குலத்தைத் தாண்டினால் இடையிலும் ஒரு சமதளம்.

உயரத்தைக் கண்மதிப்பில் சொல்லவேண்டாம். வளவே சரிந்திருக்கும். 30 அடி தெளிந்த றப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசல் மட்டத்திலும் மறுமுனையைச் சாய்தளம் முடியும் இடத்திலும் பிடித்து, அங்கே தண்ணீர் மட்டத்திலிருந்து நிலம் வரை அளந்தால் உண்மையான உயரம் வரும்.

18 அங்குல உயரம், 18 அடி நீளம், 4 அடி தெளிந்த அகலம் கொண்ட சாய்தளத்துக்கு, மேல் சமதளத்தைச் சேர்க்காமல் தேவைப்படுவது:

- 16 × 8 × 6 அங்குலப் புளொக் கல் 80 அளவில் (இரண்டு பக்கச் சுவரும், ஒரு வரி நிலத்துக்குள்ளும், 4 அங்குல ஓரக்கட்டும் சேர்த்து)
- நில மட்டத்துக்கு மேலே நிரப்பக் கிரவல் 40 முதல் 45 கன அடி, அதாவது அரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைவு (ஒரு கியூப் 100 கன அடி; மேல்மண் அகழ்ந்த அரை அடியை நிரப்ப வேறாக வேண்டும்)
- 4 அங்குலத் தளத்துக்கு 1:2:4 கலவை: சீமெந்து 5 பை, மணல் 12 கன அடி, முக்கால் அங்குலச் சல்லி 24 கன அடி
- கல்லுக்கட்டுக்கும் பூச்சுக்கும் இன்னும் 2 அல்லது 3 பை சீமெந்து

முதலில் சாம்பலால் நிலத்தில் கோடு போட்டு, அவர் அந்தக் கோட்டில் ஒருமுறை போய்வரட்டும். பிறகு மேல்மண்ணை, வேரும் சருகும் போக, அரை அடி அகழ்ந்து எடுங்கள். பக்கச்சுவர்களைக் கட்டி மூன்று நாள் விட்டபின் கிரவலை 6 அங்குலத்துக்கு ஒரு படையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசால் இடிக்கவேண்டும். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் முதல் மாரியிலேயே தளம் தாழும். வாசலோடு சேருமிடத்தில் ஓர் அங்குலப் பள்ளம் விழும், முன் சின்னச் சில்லு அதில் மாட்டும். வயல்க் களியை நிரப்பப் பாவிக்கவே கூடாது. மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும்.

கொங்கிறீற்றுப் போட்டு, இறுகத் தொடங்கும்போது தும்புத்தடியால் குறுக்காக இழுங்கள். நீளப்பாட்டுக்கு இழுத்தால் அந்தக் கோடுகளில் தண்ணீரோடு சில்லும் வழுக்கும். அடுத்த நாளிலிருந்து ஏழு நாள் சாக்குப் போட்டு நனைக்கவேண்டும். அதுவரை நாற்காலி ஏறக்கூடாது. சரிவு சரியா என்று பார்க்க 4 அடி மட்டப்பலகையின் ஒரு முனையைத் தளத்தில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை உயர்த்துங்கள். பலகையின் கீழ் இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டினால் சரிவு கூட. தளம் காய முதல் பார்த்தால் திருத்தலாம்.

மேலே கதவுக்கு முன்னால் 5 அடிச் சமதளம் இல்லாவிட்டால், ஒரு கையால் கதவைத் திறக்க மறுகையால் நாற்காலியைத் தாங்கிக்கொண்டு நிற்கவேண்டும். இது யாராலும் முடியாது. கீழேயும் 5 அடி இறுகிய தரை வேண்டும். சாய்தளம் நேரே மணலில் முடிந்தால், இறங்கிவரும் வேகத்தில் முன்சில்லு புதைந்து ஆள் முன்பக்கம் தூக்கியெறியப்படுவார். முல்லைத்தீவுக் கரையோர மணல் வளவுகளில் இதை முதல் வேலையாகப் பாருங்கள்.

கைபிடிக் கம்பி இரண்டு பக்கமும், 34 முதல் 36 அங்குல உயரத்தில். செயற்கைக்காலோடும் ஊன்றுகோலோடும் நடப்பவர்கள் பிடிப்பதும் இதைத்தான், அவர்களில் சிலருக்கு நீண்ட சரிவைவிடக் குறுகிய படி இலேசு. ஆகவே பழைய படியை உடைக்காமல், அதற்கும் ஒரு கம்பி போட்டு விடுங்கள். கூரைத் தண்ணீர் சாய்தளத்தில் விழுமென்றால் பீலி போடாமல் வேலையை முடிக்கவேண்டாம். ஒரு மாரியில் பாசி பிடித்துவிடும்.

பாதையும் படலையும்

3 அடி அகலம் போதும், 4 அடி என்றால் பக்கத்தில் ஒருவர் கதைத்துக்கொண்டு வரலாம். வளவு மட்டத்திலிருந்து 3 அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகையில் பாதையே வாய்க்காலாகிவிடும். கொங்கிறீற்றுக்குக் காசில்லை என்றால் கிரவலில் பத்துக்கு ஒன்று சீமெந்து கலந்து, நனைத்து, 4 அங்குலம் இடித்துப் போடலாம். சில்லுகளுக்கு மட்டும் இரண்டு வரி போடுவது மிச்சம் போலத் தெரியும். பின்சில்லும் முன்சின்னச்சில்லும் ஒரே வரியில் ஓடுவதில்லை, முன்சில்லு நடு மணலில் விழும்.

தூக்கித் திறக்கும் கம்புப் படலையை இருந்தபடி தூக்க முடியாது. கீலில் ஆடும், 3 அடி தெளிந்த வழியுள்ள படலையாக மாற்றி, கொளுக்கியை 3 அடி உயரத்தில் வையுங்கள். புதிதாகப் போட்ட றோட்டுகள் பல வளவைவிட உயர்ந்து, நடுவே வாய்க்காலும் ஓடுகிறது. பனஞ்சிலாகை இரண்டைப் போட்டு விட்டால் இடைவெளியில் சில்லு மாட்டும், கறையானும் அரிக்கும். கொங்கிறீற்றுக் குழாய் வைத்து மேலே தளம் போட்ட சிறு மதகு நின்றுபிடிக்கும். வாய்க்கால் பிரதேச சபையினுடையது என்றால் வேலை தொடங்க முதல் அனுமதிக் கடிதம் கொடுங்கள்.

கிணறும் குசினியும் கட்டிலும்

நாற்காலியில் இருந்து துலாவோ கப்பியோ இழுக்க முடியாது. ஆள் முன்பக்கம் சரிவார். மோட்டரும் 500 லீற்றர்த் தொட்டியும் வைத்து, குழாயை இரண்டரை அடி உயரத்தில், கீழே முழங்கால் போக இடம் விட்டுப் பொருத்துங்கள். மோட்டர்ச் சுவிச் 3 முதல் 4 அடிக்குள். கிணற்றடித் தரை வழுக்காமலும் படியில்லாமலும் பாதையோடு சேரவேண்டும்.

அடுப்பை 30 அங்குல உயரத்துக்கு மேடையில் ஏற்றலாம். ஆனால் அடுப்புக்கு நேர் கீழே முழங்கால் போகும் வெளி வைக்காதீர்கள். கொதிக்கும் சோற்றுக்கஞ்சி உணர்வில்லாத மடியில் ஊற்றினால் எவ்வளவு வெந்தது என்று தெரிய மணிக்கணக்காகும். முழங்கால் வெளி காய்கறி வெட்டும் பக்கத்தில் இருக்கட்டும், அடுப்புக்குப் பக்கவாட்டாகப் போகட்டும். கட்டில் நாற்காலியின் உயரத்துக்கு, மாறி ஏறும் பக்கம் 3 அடி வெளி விட்டு.

கண், காது

பார்வையில்லாதவருக்கு மேலே சொன்ன சாய்தளத்தின் ஓரக்கட்டும் பாதையின் உயர்ந்த விளிம்புமே வழிகாட்டி, கைத்தடி அவற்றைத் தொட்டுக்கொண்டு போகும். அவருக்கு வளவில் ஆபத்து கழுத்து உயரத்தில்தான்: உடுப்புக் காயப்போடும் கொடி, பந்தலின் இழுவைக் கம்பி, தாழ்ந்த முருங்கைக் கிளை. கொடியைப் பாதைக்குக் குறுக்கே கட்டக்கூடாது. கட்டில்லாத கிணறு இருந்தால் மற்ற எல்லா வேலைக்கும் முன் அதற்கு 3 அடிக் கட்டு. சைக்கிளை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் சாத்தாதீர்கள். காது கேளாதவருக்குப் படலையில் சுவிச் வைத்து உள்ளே எரியும் சின்ன லைற் ஒன்றே பெரிய உதவி.

பொது இடங்கள்

பொதுக் கட்டடங்களிலும் இப்படியான வசதி வேண்டும் என்பது தயவு கேட்கிற விடயம் அல்ல. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. அதன்கீழ் 2006 இல் அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுக் கட்டடங்கள் அதன்படி அமையவேண்டும் என்று 2011 இல் உயர்நீதிமன்றமும் கட்டளையிட்டது. பாடசாலை, பொதுநோக்கு மண்டபம், கிராம சேவையாளர் அலுவலகம் எதுவானாலும் திட்டப்படம் வரையும் கட்டத்திலேயே பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடிந்தபின் உடைத்துத் திருத்தப் பணம் கிடைப்பது அரிது. மாரியில் இடைத்தங்கல் முகாமாகும் பாடசாலையின் மலசலகூடம் பற்றி இப்போதே கேளுங்கள். 2018 மார்கழி வெள்ளம் போல இன்னொன்று வந்தால் அன்றைக்குக் கேட்டு ஆகாது.

வாக்களிக்க உதவியாளர் ஒருவரைக் கூட்டிப்போக 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தேர்தல்கள் சிறப்பேற்பாடுகள் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கான தகுதிச் சான்றிதழைக் கிராம சேவையாளரிடமும் அரச வைத்தியரிடமும் தேர்தலுக்கு முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும்.

புரட்டாசியில் பார்க்கவேண்டியவை

பருவமழைக்கு முன் அரைநாள் ஒதுக்குங்கள். சாய்தளமும் வாசலும் சேருமிடத்தில் வெடிப்பு இருந்தால் சீமெந்துக் கூழ் ஊற்றுங்கள். பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சுங்கள். பிடிகம்பியின் போல்டுகளை முடுக்கி, துருப்பிடித்த இடத்தைச் சுரண்டிப் பூச்சுப் பூசுங்கள். பீலிச் சருகை அள்ளுங்கள். நாற்காலியின் முன்சில்லு அச்சில் சுற்றிய தலைமயிரையும் நூலையும் வெட்டியெடுத்து எண்ணெய் விடுங்கள். காற்றடிக்கும் ரயர் என்றால் ஒரு ரியூப்பும் ஒட்டுப்போடும் சாமானும் வீட்டில் இருக்கட்டும், வெள்ளத்தில் சைக்கிள் கடை பூட்டியிருக்கும். மெத்தையைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அடியில் பலகை தட்டுப்பட்டால் அன்றைக்கே மாற்றவேண்டும்.